பண்டிகை நாளில் பூனைக்கு வீட்டிலேயே தின்பண்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளியன்று விடியற்காலையில் கறிக்குழம்பு கொதிக்கத் தொடங்கியதும், அதுவரை பீரோவின் மேல் சுருண்டு கிடந்த பூனை அடுப்பங்கரைக்கு வந்து காலைச் சுற்றத் தொடங்கிவிடும். வீடு முழுக்கத் தின்பண்டம் நிறைந்திருக்கும் நாளில் அதற்கு மட்டும் ஒன்றும் கொடுக்காமல் இருக்க யாருக்கும் மனம் வராது. அப்படி மனம் பொறுக்காமல் நாங்கள் ஊற்றிய இரண்டு கரண்டிக் குழம்பினால் எங்கள் வீட்டுப் பூனை செத்துப் பிழைத்தது. அதற்குப் பிறகு கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை, பூனை வளர்க்கும் உறவினர்களும் நண்பர்களும் ஒவ்வொரு பண்டிகைக்கு முன்பும் என்னிடம் கேட்கும் கேள்விகளின் வரிசையிலேயே எழுதுகிறேன்.

நாம் சாப்பிடுவதிலேயே கொஞ்சம் எடுத்துக் கொடுத்தால் என்ன?

கொடுக்கக் கூடாது. நம் வீட்டு அசைவச் சமையல் எதுவாக இருந்தாலும் அது வெங்காயத்தையும் பூண்டையும் வதக்குவதில்தான் தொடங்குகிறது; அந்த இரண்டுமே பூனைக்கு நஞ்சு. வெங்காய இனத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. மற்ற விலங்குகளைவிடப் பூனையின் ஹீமோகுளோபின் இவ்வகைச் சிதைவுக்கு எளிதில் ஆட்படக்கூடியது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே இரத்தத்தில் மாற்றங்களை உண்டாக்கப் போதும் என்பதால், 4 கிலோ எடையுள்ள பூனைக்கு 20 கிராம், அதாவது மூன்று நான்கு சின்ன வெங்காயம், ஆபத்தான அளவாகிவிடுகிறது. வதக்கினாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. வெங்காயத்தூளும் பூண்டுத்தூளும் நீர் வற்றிச் செறிந்தவை என்பதால் இன்னும் மோசமானவை. வெங்காயத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கறியை மட்டும் கழுவிக் கொடுப்பதும் பயன் தராது, ஏனென்றால் வெங்காயத்தின் சாறு அதற்குள் குழம்பிலும் கறியிலும் ஊறியிருக்கும்.

எங்கள் பூனை அன்று சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டது. உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது, வழக்கமாக இளஞ்சிவப்பாக இருக்கும் ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்திருந்தது. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் இருந்தது. வெங்காய நஞ்சின் கொடுமையே இதுதான்: தின்ற அன்று ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத்தான் இரத்தசோகை வெளியே தெரியும். அப்போது குழம்பை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஆகவே, எங்கள் வீட்டில் இப்போது ஒரே வழக்கம்தான். கறி வந்ததும், மஞ்சள்தூளோ உப்போ தொடுவதற்கு முன்பே, பூனைக்கான பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுகிறோம். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அந்தக் கிண்ணத்தைப் பற்றியவைதான்.

எவையெல்லாம் பூனைக்கு உண்மையிலேயே பிடிக்கும், ஒத்துக்கொள்ளும்?

வெறும் தண்ணீரில் வெந்த கோழிக்கறி, மீன், முட்டை ஆகிய மூன்றும் போதும். பூனை கறியைத் தின்றே வாழ வேண்டிய உடலமைப்பைக் கொண்ட விலங்கு. டாரின் என்னும் அமினோ அமிலத்தைத் தேவையான அளவு தன் உடலிலேயே உண்டாக்கிக்கொள்ள அதற்கு இயலாது. உணவில் டாரின் குறைந்தால் விழித்திரை கெடும், இதயத்தசை தளர்ந்து வீங்கும். இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பை 1987ஆம் ஆண்டில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் நிறுவிய பின்னர்தான் கடைகளில் விற்கும் பூனைத் தீனியில் டாரின் அளவு உயர்த்தப்பட்டது.

இனிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூனையின் நாக்குக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அந்தச் சுவையை உணர்வதற்கான மரபணுக்களுள் ஒன்று பூனை இனத்தில் செயலிழந்திருப்பதை ஃபிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தினர் 2005ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். மைசூர்பாகை நக்கும் பூனை நெய்யைத் தேடுகிறதே தவிர, சர்க்கரையை அன்று. நாம் இனிப்பைக் கொடுக்காததால் அது எதையும் இழந்துவிடுவதில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

வீட்டுக்குள்ளேயே இருக்கும் 4 கிலோ எடையுள்ள வளர்ந்த பூனைக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி. தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்களின் பொதுவான விதி. ஆகவே 20 முதல் 25 கலோரிதான் நம் கையில் இருக்கிறது. வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியானால் அது 15 கிராம், அதாவது இரண்டு விரல் அளவான ஒரு துண்டு. அவித்த முட்டையானால் மூன்றில் ஒரு பங்கு. நமக்கு இது கஞ்சத்தனமாகத் தோன்றும், ஆனால் நம் உடலில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லாத உயிருக்கு அதுவே நிறைவான பலகாரம். வீட்டில் ஐந்து பேர் இருந்து ஐவரும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தால் கணக்கு தப்பிவிடும் என்பதால், அன்றைய பங்கை முதலிலேயே கிண்ணத்தில் போட்டு வைத்து, எல்லாரும் அதிலிருந்து மட்டுமே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

எளிதாகச் செய்யக்கூடிய ஒரு பண்டத்தைச் சொல்ல முடியுமா?

எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது கோழிக்கறிக் குட்டி இட்லிதான். தோலும் கொழுப்பும் எலும்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 100 கிராம், ஒரு முட்டை, விருப்பமிருந்தால் வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு மேசைக்கரண்டி ஆகியவற்றை மிக்ஸி ஜாரில் போட்டு அரைத்துக்கொள்ள வேண்டும். முந்தைய நாள் சட்னி அரைத்த ஜாராக இருந்தால் ரப்பர் வளையத்தைக் கழற்றிச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும், ஏனெனில் வெங்காயமும் பூண்டும் அந்த வளையத்தின் அடியில்தான் ஒளிந்திருக்கும். உப்பு, மஞ்சள், மிளகு, எண்ணெய் எதுவும் வேண்டாம்.

அரைத்த விழுதைக் குட்டி இட்லித் தட்டின் குழிகளில் ஒவ்வொரு கரண்டியாக வைத்து, இட்லிப் பானையில் 12 நிமிடம் ஆவியில் வேகவிட வேண்டும். குச்சியால் குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும்; ஒன்றைப் பிட்டுப் பார்த்தால் நடுவில் இளஞ்சிவப்பு எங்கும் இருக்கக் கூடாது. இந்த அளவுக்கு ஏறக்குறைய 16 குட்டி இட்லி வரும். ஒவ்வொன்றும் சுமார் 12 கலோரி. ஆகவே ஒரு பூனைக்கு ஒரு நாளைக்கு இரண்டு போதும். இளஞ்சூட்டோடு கொடுத்தால்தான் மணம் எழும், பூனை உணவை மணத்தால்தான் தெரிந்தெடுக்கிறது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைத்த இட்லியை எங்கள் பூனை முகர்ந்துவிட்டுப் போய்விடும். அதே இட்லியை வெந்நீர்க் கிண்ணத்தின் மேல் இரண்டு நிமிடம் வைத்தெடுத்துக் கொடுத்தால் தட்டைத் தள்ளிக்கொண்டே போய்த் தின்னும்.

மீனில் எதைக் கொடுக்கலாம்? கருவாடு கொடுக்கலாமா?

நெத்திலி மிகவும் ஏற்றது. தலையையும் குடலையும் ஆய்ந்து, நன்றாக அலசி, ஆவியில் எட்டு நிமிடம் வேகவைத்தால் நடு முள் தானாகவே கழன்று வரும். அதை எடுத்துவிட்டுத் தோசைக்கல்லில் எண்ணெயில்லாமல் சிறு தீயில் புரட்டினால் மொறுமொறுப்பான தின்பண்டமாகிவிடும். மத்தி, அயிலை, சூரை ஆகியவற்றைக் கொடுப்பதானால் மீன் மிகப் புதிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் பனிக்கட்டியில் சரியாக வைக்கப்படாத இவ்வகை மீன்களில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது, அது சமைத்தாலும் அழியாது. கொழுப்பு மிகுந்த மீனையே நாள்தோறும் கொடுத்து வந்தால் வைட்டமின் ஈ குறைந்து உடற்கொழுப்பு வீங்கி வலிக்கும் நோய் வரும். பச்சை மீனைத் தவிர்ப்பது நல்லது, சில மீன்களில் தயாமின் என்னும் வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் நொதி இருக்கிறது, வேகவைத்தால் அது செயலிழந்துவிடும்.

கருவாடு வேண்டாம். அதில் ஏறியிருக்கும் உப்பு சிறுநீரகத்துக்குப் பெரும் சுமை, எத்தனை தண்ணீரில் ஊறவைத்தாலும் முழுதாக இறங்காது.

பாலும் பாயசமும் சர்க்கரைப் பொங்கலும்?

பூனைக்குப் பால் என்பது நம் மனத்தில் ஊறிப்போன படம். ஆனால் பால்குடி மறந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். புளிக்காத கெட்டித் தயிர் ஒரு தேக்கரண்டி கொடுத்துப் பார்க்கலாம், அதில் லாக்டோஸ் குறைவு.

சர்க்கரைப் பொங்கலையும் பாயசத்தையும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அவற்றில் கவலைப்பட வேண்டியது வெல்லத்தைப் பற்றி மட்டும் அன்று. வாசனைக்காகக் கிள்ளிப் போடும் பச்சைக் கற்பூரமும் சாதிக்காயும் பூனையின் நரம்பு மண்டலத்தைத் தாக்கக்கூடியவை. பல பொருள்களின் நஞ்சை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு நம்மைவிடக் குறைவு. திராட்சை வற்றல் நாய்களுக்குச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்வது உறுதியாகத் தெரிந்திருப்பதால், பூனைக்கும் அதைக் கொடுக்காமல் இருப்பதே முறை.

கிறிஸ்துமஸ் கேக், சாக்லேட்?

இரண்டும் ஆகாது. சாக்லேட்டில் பூனைக்கு நஞ்சாகும் தியோபுரோமினும் காஃபீனும் இருக்கின்றன. கறுப்புச் சாக்லேட்டில் மிக அதிகம். பிளம் கேக்கில் திராட்சையோடு ரம்மும் சேர்கிறது. பிள்ளைகள் தட்டில் வைத்துவிட்டுப் போகும் துண்டுகளை உடனே எடுத்து மூடி வைக்க வேண்டும்.

ஈரலும் எலும்பும் கொடுக்கலாமா?

வேகவைத்த கோழி ஈரலை வாரம் ஒருமுறை, கட்டைவிரல் நகத்தளவு கொடுக்கலாம். பூனைக்கு ஈரல் என்றால் உயிர். ஆனால் நாள்தோறும் ஈரலையே கொடுத்து வளர்த்த பூனைகளுக்கு வைட்டமின் ஏ மிகுதியால் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, தலையைத் திருப்பவோ உடலை நக்கிச் சுத்தம் செய்யவோ முடியாமல் போனதை மருத்துவ நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. வெந்த எலும்பு எதுவும் வேண்டாம். அது சில்லுச்சில்லாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

காட்டுப் பூனை பச்சையாகத்தானே தின்கிறது? பச்சைக்கறி கொடுத்தால் என்ன?

காட்டுப் பூனை அப்போதே கொன்ற இரையைத் தின்கிறது. நாம் கொடுப்பது, கடையில் பல கைகள் பட்டு, பல மணி நேரம் வெளியில் இருந்த கறி. அதில் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமியும், கருவுற்ற பெண்களுக்கு ஆபத்தான டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணியும் இருக்கக்கூடும். அந்த ஒட்டுண்ணி பூனையின் மலத்தின் வழியாக வீட்டாரையும் வந்தடையும். பறவைக் காய்ச்சலும் இப்போது கவலைக்குரியதாகிவிட்டது: 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், உறையவைத்து விற்ற பச்சை வான்கோழித் தீனியைத் தின்ற வீட்டுப் பூனை ஒன்று அந்த நோயால் இறந்தது. ஆகவே உள்ளே வரை வேகவைத்துக் கொடுப்பதில் எந்தச் சமரசமும் வேண்டாம். முட்டையும் அப்படித்தான், பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்னும் புரதம் பயோட்டின் என்னும் வைட்டமினை உடலில் சேரவிடாது.

இணையத்தில் பார்க்கும் மீன் பிஸ்கட் செய்முறைகள் சரியானவையா?

பலவற்றில் பூண்டுத்தூள் இருக்கிறது. சிலவற்றில் பேக்கிங் பவுடரும் உப்பும் இருக்கின்றன. பூனைக்கு மைதாவே தேவையில்லை என்பதால் அந்தச் செய்முறைகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

நாங்கள் சைவம். வீட்டில் கறி, மீன் சமைப்பதில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் தயக்கத்தோடு கேட்கிறார்கள், தயங்க வேண்டியதில்லை. பூனையைச் சைவமாக வளர்க்க முடியாது என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அன்றாட உணவாக, முழுமையான சத்துள்ள பூனைத் தீனியைக் கடையில் வாங்கி வைத்தாலே போதும். பண்டிகை நாளில் அதே தீனியின் ஈரவகைப் பொட்டலம் ஒன்றை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, வேறு தட்டில் வைத்தால் பூனைக்கு அதுவே விருந்து. முட்டை சேர்ப்பவர்கள் அவித்த மஞ்சள் கருவைச் சிறிது உதிர்த்து மேலே தூவலாம்.

அதோடு, நம் பக்கத்து முளைப்பாரியைப் போலவே பூனைக்கும் ஒரு சிறு முளைப்பாரி போடலாம். முளைப்பாரியில் நவதானியம் விதைப்போம், இதில் கோதுமை மட்டும். ஒரு கைப்பிடி கோதுமையை ஓர் இரவு ஊறவைத்து, ஓட்டையிட்ட அகலத் தொட்டியில், உரமோ பூச்சிமருந்தோ கலக்காத மண்ணில் நெருக்கமாகத் தூவி, நாள்தோறும் நீர் தெளித்து வெளிச்சத்தில் வைத்தால், எட்டு முதல் பத்து நாளில் விரல் நீளத்துக்குப் பசும்புல் எழும். பூனைகள் அதைக் கடைவாயில் வைத்துச் சாய்த்துக் கடிக்கும். சில சமயம் தின்றபின் முடி உருண்டையோடு வாந்தி எடுக்கும்; ஒருமுறை எடுத்தால் அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு விதைத்தால் அன்றைக்குச் சரியாக இருக்கும்.

குப்பைமேனியைப் பூனைக்குக் கொடுக்கலாமா?

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று நம் முன்னோர் பெயர் வைத்தது காரணத்தோடுதான். செடியை வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை அந்த வேரில் முகத்தைத் தேய்த்து, புரண்டு, எச்சில் வடிய மயங்கிக் கிடப்பதைக் காணலாம். முகரவும் புரளவும் ஒரு வேரைச் சிறிது நேரம் கொடுத்துவிட்டு எடுத்துவிடலாம். ஆனால் அந்தச் செடியில் சயனைடை வெளிவிடும் சேர்மம் இருப்பதால், அதைப் பொடித்துத் தின்பண்டத்தில் சேர்ப்பதோ, தழையைத் தின்னவிடுவதோ கூடாது.

செய்ததை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

குளிர்பதனப் பெட்டியில் மூடி வைத்தால் மூன்று நாள், உறைபெட்டியில் ஒரு மாதம். நம் ஊர் வெயிலில் தட்டில் வைத்த கறியும் மீனும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் எறிந்துவிட வேண்டும். நீண்ட நேர மின்வெட்டுக்குப் பிறகும் அப்படியே.

நோயுள்ள பூனைக்கும் குட்டிக்கும் இவற்றைக் கொடுக்கலாமா?

சிறுநீரக நோய், நீரிழிவு, சிறுநீர்ப்பைக் கல், உணவு ஒவ்வாமை ஆகியவற்றுக்காகச் சிறப்பு உணவில் இருக்கும் பூனைக்கு, மருத்துவரைக் கேட்காமல் ஒரு துண்டுகூட வேண்டாம். திட உணவுக்குப் பழகிய குட்டிக்கு வெந்த கோழிக்கறியைப் பருக்கை அளவாக உதிர்த்து இரண்டு மூன்று விரல்நுனி கொடுத்தால் போதும், அதன் வயிறு குட்டித் தீனிக்கே உரியது.

தின்பண்டத்தை அழகாகக் கட்டி அன்பளிப்பாகக் கொடுக்கலாமா?

காகிதப் பையில் போட்டுக் கொடுக்கலாம். ரிப்பனோ நூலோ கட்ட வேண்டாம். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால், நாக்கில் சிக்கிய நூலைத் துப்ப அதற்கு வராது, விழுங்கத்தான் வரும். குடலில் இறங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். மல்லிகைச் சரம் கட்டிய நூலும் கறியில் சுற்றிய நூலும் இப்படிப் பல பூனைகளை அறுவை மேசைக்குக் கொண்டுபோயிருக்கின்றன. வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்கக் கூடாது. அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஆகாத எதையோ தின்றுவிட்டது. உடனே என்ன செய்ய வேண்டும்?

எதை, எவ்வளவு, எந்த நேரத்தில் தின்றது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மீதியையும் எடுத்துக்கொண்டு, மருத்துவரிடம் போக வேண்டும். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வழக்கம் பூனையைக் கொன்றுவிடும். நம் மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் கொடுக்கக் கூடாது. குறிப்பாகப் பாராசிட்டமால், ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் பறிக்கப் போதும். பண்டிகை விடுமுறையில் தனியார் மருத்துவமனைகள் மூடியிருக்கலாம் என்பதால், எது திறந்திருக்கும் என்பதை முந்தின நாளே தொலைபேசியில் கேட்டுவைக்க வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. அங்கேயும் விடுமுறை நாள் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

வெடிச்சத்தத்தில் ஒளிந்துகொண்டு எதையும் தொடுவதில்லை. தின்பண்டம் உதவுமா?

ஓரளவு உதவும். வெடி தொடங்குவதற்கு முன்பே, மாலையில், அன்றாட உணவை முடித்துவிட வேண்டும். பிறகு ஜன்னலை மூடிய உள்ளறையில், கட்டிலுக்கடியிலோ திறந்த அட்டைப்பெட்டியிலோ அது ஒளிந்திருக்கும் இடத்தின் வாசலில், வெதுவெதுப்பான கோழி வெந்த தண்ணீரை இரண்டு மேசைக்கரண்டி ஒரு தட்டையான கிண்ணத்தில் வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். அது கறி மட்டும் வெந்த தண்ணீராக இருக்க வேண்டும். உப்பும் பூண்டும் படாததாக இருக்க வேண்டும். வெளியே இழுத்து மடியில் வைத்து ஊட்டக் கூடாது. பெரும்பாலும் நள்ளிரவில் சத்தம் அடங்கிய பிறகு கிண்ணம் காலியாகியிருக்கும். ஒரு முழு நாள் கடந்தும் எதையும் தின்னாமல் இருந்தால், அதுவும் பருமனான பூனையாக இருந்தால், பட்டினியால் கல்லீரலில் கொழுப்பு சேரும் ஆபத்து இருப்பதால், மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.